வரி முடிவில் நிற்கும் பழக்கம்

ஜூன் 14, சனிக்கிழமை. எழுந்து வாசல் தெளித்தேன், காப்பி போட்டேன், நாளிதழைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கட்டும் புடவையை இஸ்திரி போட்டு மடித்து வைத்தேன். இந்த வரிசையை நான் மாற்றுவதில்லை. பிறகு மகளை பி.சி.ஏ.வில் சேர்க்க, நான் படித்த பாளையங்கோட்டைக் கல்லூரிக்கே கூட்டிப் போனேன்.

விலங்கியல் ஆய்வுக்கூடத்தைத் தாண்டும்போது ஃபார்மலின் வாடை வந்தது. மற்றவர்களுக்கு அந்த வாடையில் தவளை ஞாபகம் வரும். எனக்கு மோகன ராகம் வரும். எங்கள் இசைத்துறை அதற்கு அடுத்த அறையில்தான் இருந்தது.

"இங்கனயாம்மா பாட்டு படிச்சே?" என்றாள் மகள். அறை நிறையக் கணினிகள். பி.ஏ. இசை என்று ஒரு படிப்பு இருந்ததே அலுவலகத்துப் பெண்ணுக்குத் தெரியவில்லை.

அந்தப் படிப்பில் நான் லேசில் சேர்ந்துவிடவில்லை. அப்பா தாலுகா ஆபீஸ் எழுத்தர், ஆஸ்துமாக்காரர். பி.காம். படித்தால் வங்கி வேலை என்பது அவருடைய கணக்கு. நான் விடவில்லை. கடைசியில், "மொத செமஸ்டர் பாட்டுப் பரீட்சையில தேறணும். இல்லன்னா அடுத்த வருசம் பேசாம பி.காம். சேந்துரணும், என்ன?" என்றார். "சேந்துருதேன்பா" என்றேன். சின்ன வயதிலிருந்து சர்ச் பாடகர் குழுவில் முன்வரிசை, அந்தத் திமிர்.

திமிர் முதல் வாரமே இறங்கியது. வகுப்பில் மோகன கீதம் பாடினால் தாளம் ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் நிற்பேன். எங்கள் சர்ச்சில் ஒவ்வொரு வரி முடிவிலும் பாடகர்கள் சற்று நிற்பார்கள். சபையார் மூச்சு வாங்கி வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த வரி. அது எனக்குள் ஊறிப்போனதால், நிற்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது.

பக்கத்தில் உட்காரும் சிவகாமி டவுணைச் சேர்ந்தவள். ஒருநாள், "ஏட்டி, யாருக்குட்டி காத்துக் கெடக்கே? டவுண் பஸ்ஸா வரப்போவுது?" என்றாள். வகுப்பே சிரித்தது.

யாருக்காக? வீட்டுக்குத் திரும்பும் வழியில் யோசித்தேன். சர்ச்சில் மூன்றாம் வரிசை ஓரத்தில் அப்பா நிற்பார். இளைப்பு இழுக்க இழுக்க, கடைசிச் சொல்லை எல்லோருக்கும் பின்னால் முடிப்பார்.

"எங்கப்பாவுக்கு" என்று மறுநாள் சொன்னேன். சிவகாமி சிரிக்கவில்லை. "அவரு பரீட்சைக்கு வரமாட்டாருல்லா? பாடு. நீ நின்னா நான் போயிருவேன்."

சொன்னபடியே செய்தாள். மதிய இடைவேளையில் நான் ஒரு வரியை முடித்து இமைப்பதற்குள் அவள் அடுத்த வரியில் இருப்பாள். துரத்திப் பிடிக்க வேண்டும். ஃபார்மலின் தொண்டையில் ஏறி இருமினாலும் இரக்கம் கிடையாது. பஸ்ஸில் சாப்பாட்டு டப்பாமேல் தாளம் போட்டுக்கொண்டே போவேன். "ஏ பாப்பா, தாளத்துக்கும் சேத்து டிக்கெட் எடுத்துரு" என்பார் நடத்துநர்.

பரீட்சையில் முதல் வரி முடிந்ததும் மூச்சு தானாக நிற்கப் பார்த்தது. மூன்றாம் வரிசை கண்ணுக்குள் வந்தது. நிற்காமல் போனேன்.

தேறிவிட்டேன் என்று சொல்லி, எப்படித் தேறினேன் என்பதையும் அப்பாவிடம் சொன்னேன். அவர், "அப்ப ஞாயித்துக்கெழமையும் நிக்க மாட்டியோ?" என்றார்.

"சர்ச்சுல நிப்பேன்பா."

அவர் இருந்தவரை நின்றேன். இப்போது அப்பா இல்லை. சிவகாமி கோயம்புத்தூரில் இருக்கிறாள். கல்லூரியில் அந்த இசைப் படிப்பும் போய்விட்டது. சர்ச்சுக்குக் கீபோர்டு வந்திருக்கிறது. அதில் முடுக்கிவிடும் தாளம் யாருக்காகவும் நிற்பதில்லை. மூன்றாம் வரிசைப் பெரியவர்கள் இரண்டாம் சரணத்திலேயே பாட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். பாடகர் குழுவில் நின்றபடி, இத்தனை நாளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கல்லூரிக்குப் போய்வந்த மறுநாள் ஞாயிறு. முதல் வேலையாக, ஆராதனை மணி அடிக்குமுன் சர்ச்சுக்குப் போய்க் கீபோர்டின் தாளப் பொத்தானை அணைத்தேன்.

வாசிக்கிற அண்ணாச்சி பதறினார். "ஏம்மா, அப்ப தாளத்துக்கு?"

"நான் போடுதேன் அண்ணாச்சி. நான் நிக்க எடத்துல நீங்களும் நில்லுங்க."