உள்ளங்கை அளவு

தொழிற்சாலை கேன்டீனில் இருபது வருடமாகச் சமைக்கிறவர் அந்த அம்மா. முழங்கால் அறுவை சிகிச்சைக்கு முன் எட்டு கிலோ குறைய வேண்டும் என்று டாக்டர் சொன்னதால், மகள் அவருக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச்சைக் கட்டிவிட்டு, சாப்பிடுவதையெல்லாம் போனில் பதியச் சொன்னாள். ஒரு மாதம் பதிந்தும் எடை அசையவில்லை.

"எனக்குத் தெரியாம என்னம்மா சாப்பிடற?"

"ருசி பார்க்கறதை யாருடி சாப்பாடுன்னு சொல்லுவா?"

மறுநாள், குழம்பை உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தபோதெல்லாம் அதே அளவை ஒரு பாத்திரத்திலும் ஊற்றி வைத்தார். மாலையில் அது இரண்டு டம்ளர் வந்தது. அவரே அசந்துபோய் மகளிடம் சொன்னார்.

"இனிமே வேற யாரையாவது ருசி பார்க்கச் சொல்லும்மா."

"நானூறு பேர் சாப்பிடற குழம்புடி. என் நாக்குல படாம ஒரு சட்டியும் இறங்காது. வேணும்னா என் மதியத் தட்டைப் பாதியாக்கிக்கறேன்."

அன்றிலிருந்து ருசி பார்ப்பதையும் ஒளிக்காமல் பதிகிறார். மூன்று கிலோ குறைந்திருக்கிறது.

"இந்த வேகத்துல மீதி அஞ்சு கிலோ எப்பம்மா குறையும்?"

"குறையறப்போ குறையட்டும். முழங்கால் காத்திருக்கும். அதுக்காக நாக்கை விட்டுக்கொடுக்க மாட்டேன்."