துரைக்கண்ணுவின் கை

கெடார் கிராமத்துப் பக்கம் துரைக்கண்ணு என்றால் முதலில் அவர் கைதான் பேசும், வாய் அப்புறம். வரப்பை வெட்டிய பங்காளியின் பல்லை உடைத்தவர். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லையில் புகுந்த பன்றியை மண்வெட்டியால் ஒரே போடில் சாய்த்தவர். பெற்ற மகன் குமரேசனையும் விட்டுவைக்கவில்லை. மாட்டை அடிக்கும் சாட்டைதான் அவனுக்கும். அந்தக் குமரேசன் வளர்ந்து திண்டிவனத்தில் குடியேறி, தன் பிள்ளைகள் இருவரையும் ஒரு நாள்கூட அப்பனிடம் தனியாக விட்டதில்லை. விடுவானா பின்னே?

அப்படிப்பட்டவன் மலேசியா டூருக்கு அவரையும் கூட்டிப்போனதே பெரிய சங்கதி. விமானம் ஏறும் முன்பே சொல்லிவிட்டான்: "பசங்க மேல கை பட்டுச்சு, அத்தோட சரி. அப்புறம் அவங்க மூஞ்சியையே நீ பாக்க முடியாது."

மூன்று நாள் கிழவர் கையைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அந்த மூன்று நாளில் பட்ட சந்தோஷம் இருக்கிறதே, அறுபத்தெட்டு வருஷத்தில் பட்டதில்லை. பேத்தி அஸ்வினி ஓட்டல் நீச்சல் குளத்தில் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். பேரன் மணிமாறன் நகரும் படிக்கட்டில் கால் வைக்கக் கற்றுக்கொடுத்தான்.

நாலாம் நாள் பத்துமலைக் கோயில். ஊரிலிருந்து வறுத்துக் கொண்டுவந்த மல்லாட்டையைப் பேரனிடம் பையோடு கொடுத்தார். காலமெல்லாம் கொல்லையில் குரங்கு விரட்டிய மனுஷனுக்கு, வெளிநாட்டுக் குரங்கும் மல்லாட்டை தின்னும் என்று தோன்றவில்லை பாருங்கள்.

மலைப்படியில் பாதி ஏறியபோது ஒரு கடுவன் குரங்கு அஸ்வினியின் முதுகில் பாய்ந்து முடியைப் பிடித்தது. துரைக்கண்ணு அதன் வாலைப் பிடித்து இழுத்துப் படியில் அறைந்தார். அது திரும்பி அவர் முழங்கையைக் கடித்துச் சதையைப் பிய்த்தது. இன்னும் நாலைந்து பாய்ந்தன. ஒன்றின் மண்டையில் கையிலிருந்த குடையால் போட்டார்; குடை முறிந்தது. வேட்டியெல்லாம் ரத்தம். மணிமாறனோ பயத்தில் மல்லாட்டைப் பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு நின்றான்.

"உட்றா அத" என்று கத்தினார். அவன் விடவில்லை. மணிக்கட்டில் ஓங்கி ஒரு அடி வைத்தார். பை கீழே உருண்டது. குரங்குகள் அதன் பின்னால் ஓடின.

பின்தங்கி வந்த குமரேசன் மூச்சிரைக்க ஓடி வந்து அப்பனின் கையில் துண்டைச் சுற்றினான். அப்புறம்தான் மகனின் மணிக்கட்டில் சிவந்து தடித்திருந்த விரல் தடங்களைப் பார்த்தான்.

"யாருடா அடிச்சது?"

பையன் தாத்தாவைப் பார்த்தான். "கொரங்குப்பா" என்றான்.

அந்தப் பொய் துரைக்கண்ணுவைச் சுட்டது. கடிவாய்கூட அப்படி வலிக்கவில்லை. "இல்லடா குமரேசா. நான்தான் அடிச்சேன். புள்ள எனக்காகப் பொய் சொல்றான்."

குமரேசன் துண்டின் முடிச்சை இறுக்கினான். "வாத்தியார் வீட்டுக்கு வந்து தழும்பப் பத்திக் கேக்கும்போதெல்லாம் நானும் மாடு முட்டிச்சுன்னுதான் சொன்னேன். நீ பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தே. ஒரு நாளாவது இந்த மாதிரி நான்தான்னு சொன்னியா?"

"சொல்லல" என்றார் கிழவர். அவரால் தலை நிமிர முடியவில்லை.

குமரேசன் அஸ்வினியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். "ஜல்தியா போயி ஊசி போடணும்" என்றவன், மணிமாறனிடம் திரும்பினான்.

"தாத்தாவைப் புடிச்சிக்கினு எறங்கு. நான் முன்னால போறேன்."