நெற்றிக்காசு

நான் சேர்ப்பது பெரிய வெள்ளிக் காசுகளை மட்டும். உள்ளங்கையில் வைத்தால் பாரம் தெரிய வேண்டும். மெக்சிகோ, பெரு, ஜப்பான் என்று நாடு எதுவானாலும் சரி, சின்னக் காசு எனக்கு வேண்டாம். ஓசூரில் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை எனக்கு. அந்தப் புத்தி வீட்டிலும் விடாது. காசு வந்ததும் முதலில் தராசில் வைப்பேன். எடை சரியாக இருந்தால்தான் டப்பாவுக்குள் போகும். துடைக்க மட்டும் மாட்டேன். ஏறியிருக்கும் கறுப்பைத் தேய்த்தால் காசு கெட்டுப்போகும்.

என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டினார். யார் வந்தாலும் அவருக்கு ஒரே கிண்டல்தான். "ஒலகத்துக் காசெல்லாம் வெச்சிருக்கா, உண்டியல்ல போட ஒத்த ரூபா கேட்டா மட்டும் கெடையாது." சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார். எனக்கு எரிச்சலாக வரும்.

அவருக்கும் ஒரு காசு பிடித்திருந்தது. ஆஸ்திரியா ராணி ஒருத்தியின் முகம் போட்டது. அவள் இறந்த வருடத்தையே போட்டு இன்னும் அடிக்கிறார்கள் என்று ஒருநாள் சொன்னேன். "அப்ப அந்தம்மாவுக்கு வருசமே திரும்பலையா?" என்று கேட்டுவிட்டு, காலை ஷிப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

அப்படிக் கிளம்பும்போதுதான் ஒருநாள் ஷூ மாட்டிக்கொண்டே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வேகத்திலேயே திரும்பக் கொண்டுவந்தோம். கூடத்தில் கிடத்தினார்கள். ராயக்கோட்டையிலிருந்து வந்து சேர்ந்த நாத்தனார், நெற்றியில் வைக்க ஒரு ரூபாய்க் காசு கேட்டாள்.

யாரிடமும் இல்லை. ஆண்கள் எல்லாரும் பாக்கெட்டைத் தடவிப் பார்த்தார்கள், போன்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மா தன் வீட்டில் போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தாள். தெருமுனைக் கடைக்காரர் வெகுநாளாகச் சில்லறைக்கு மிட்டாய்தான் கொடுக்கிறார். எங்கள் பூஜை அலமாரி உண்டியலைப் போன மாதம்தான் அவர் திருப்பதியில் கொட்டிவிட்டு வந்திருந்தார்.

கடைசியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அவர் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அது நிஜம். முகத்தையே பார்த்துக்கொண்டு, அந்தக் கிண்டல் வரட்டும் என்று நின்றேன். அழுகை வரவில்லை. பிறகு உள்ளே போய் ராணிக் காசை எடுத்துவந்து கொடுத்தேன்.

அது நெற்றியில் நிற்கவில்லை. சறுக்கிக் காதோரம் விழுந்தது. கொழுந்தனார் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து அப்பி, அதன்மேல் வைத்து அழுத்தினார். பாதி நெற்றி மறைந்துபோனது. சந்தனம் எழுத்துகளுக்குள் இறங்கிவிடுமே என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோதும் அதையேதான் யோசித்தேன்.

எங்களில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. சாயங்காலம் கொழுந்தனார் திரும்பி வந்து, மடித்த காகிதத்தை என் கையில் வைத்தார். உள்ளே காசு. நெற்றிக்காசு குழி வெட்டியவருக்குச் சேர வேண்டியது.

"அவருக்குப் பணமா குடுத்துட்டேன் அண்ணி. இது நீங்க ஆசையா வெச்சிருந்ததாச்சே."

நாத்தனாருக்கு அது பிடிக்கவில்லை. "பொணத்து நெத்தில வெச்சத ஊட்டுல வெக்கக் கூடாது. கோயில் உண்டியல்ல போட்ருங்க அண்ணி." ஒவ்வொரு நாளும் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். காரியம் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போதும் பஸ் படியில் நின்று அதையே சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டில் யாரும் இல்லை. காகிதத்தைப் பிரித்துக் காசைத் தராசில் வைத்தேன். பழக்கம்தான், வேறொன்றுமில்லை. வழக்கமான எடையைவிடத் துளி கூடுதலாகக் காட்டியது. ராணியின் கன்னத்திலும் வருட எண்ணின் இடுக்கிலும் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. அவருடைய புருவ முடி ஒன்றும் அதில் இருந்தது.

எடை சரியில்லாத காசை நான் உள்ளே வைப்பதில்லை. இதைத் துடைக்காமல் அப்படியே டப்பாவில் வைத்து மூடினேன்.