ஈர அரிசியும் இடைக்காலத் தடையும்

கோர்ட்டுக்குப் போகிற நாளில் எங்கள் பெரியப்பா கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருப்பார். கஞ்சி போட்ட வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கக்கத்தில் ரெக்ஸின் பை. தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றபிறகு அவருக்கு வேறு போக்கிடம் கிடையாது. அதே நாளில் அதே பஸ்ஸில் நானும் பாளையங்கோட்டைக்குப் போவேன். அவர் வாதி, நான் பிரதிவாதி.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். முதல் சம்மன் வந்தபோது 'பிரதிவாதி' என்பதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, என்னைப் பிடித்துக்கொண்டு போக வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு, சம்மன் கொண்டுவந்த கோர்ட் அமீனாவின் பின்னாலேயே தெருமுனை வரைக்கும் நடந்தேன். அவர் திரும்பிப் பார்த்து, "எங்கவே வாரீரு?" என்றார். "நீங்க கூப்பிடுத எடத்துக்குத்தான்" என்றேன். தலையில் அடித்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

சண்டை ஒரு வீட்டைப் பற்றியது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை, என் அத்தை. பிள்ளையில்லாதவள். கடைசிக் காலத்தில் அவளைப் பார்த்துக்கொண்டவன் நான் என்பதால் தன் வீட்டை எனக்கு உயில் எழுதிவைத்தாள். தெருவைப் பார்த்த முன்னறையில் மாவு மில் போட்டேன். எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் அதுதான் சோறு. உயிலே பொய் என்று பெரியப்பா ஒரு கேஸ் போட்டார், தள்ளுபடி. அத்தைக்குக் கடைசியில் புத்தி நிலையாக இல்லை என்று இன்னொன்று; அதுவும் தள்ளுபடி. தோற்ற மனுஷன் முகம் வாடுமா என்று பார்த்தால், ஜங்ஷனில் இறங்கி ஒரு காபி குடித்துவிட்டு முன்னைவிடத் தெம்பாக வருவார். ஜெயித்த நான்தான் சைக்கிள் மணி கேட்டாலே தெருவை எட்டிப் பார்ப்பேன். அடுத்தது எப்போது வருமோ!

அடுத்தது ஐப்பசியில் வந்தது. மில் ஓடுகிற அதிர்வில் சுவர் விரிகிறது, அந்த வீட்டில் தனக்கும் பங்குண்டு, ஆகவே கேஸ் முடிகிறவரை மில் ஓடக்கூடாது. இந்தத் தடவை இடைக்காலத் தடையும் வாங்கிவிட்டார். தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் அமீனா வந்து உத்தரவைக் கதவில் ஒட்டினார். "இப்பமும் பின்னால வந்துராதேயும்" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை விடிந்தது. தீபாவளி அடுத்த வாரம் நடுவில். அதிரச மாவை அரைத்துப் பாகில் கிளறி இரண்டு மூன்று நாள் வைத்தால்தான் பதம் வரும். அதற்கு அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, கையில் ஒட்டுகிற ஈரம் இருக்கும்போதே அரைக்க வேண்டும். காய்ந்தால் அதிரசம் எண்ணெயில் உதிரும். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு மில் இருந்தது, ஆனால் ஈர அரிசியை அங்கே வாங்க மாட்டார்கள். ஆகவே காலை பத்து மணிக்கு எங்கள் வாசலில் தெருவே நின்றது. ஆளுக்கொரு சட்டி, ஈரத்துணி போட்டு மூடிய அரிசி.

"கோர்ட்டுல தடை" என்று கதவில் இருந்த காகிதத்தைக் காட்டினேன்.

பால்காரர் வீட்டு அக்கா அதைப் பார்க்கவேகூட இல்லை. "எவன் போட்ட தடை?"

"பெரியப்பா."

"அவருக்கு அதிரசம் வேண்டாமாமா? எய்யா, நீ சும்மா சுச்சப் போடு. நாங்க பாத்துக்கிடுதோம்."

"அக்கா, உள்ள தூக்கிப் போட்டுருவாவ."

"போட்டா என்ன, அங்கனயும் தீபாவளிக்கு இனிப்பு குடுப்பாங்களாம்லா!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் கதவைச் சாத்தி உட்புறம் தாழ் போட்டுக்கொண்டேன். வீட்டுக்காரி ஜன்னல் வழியாக எல்லாரையும் சமாதானம் செய்துகொண்டிருந்தாள். சமாதானம் என்றால், "இவுக பயந்தவுக, நீங்க பெரியவர் வீட்டுக்குப் போங்க" என்று வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போகவேண்டிய வேலை இல்லாமலே அந்த வீட்டில் இருந்து ஆள் வந்தது. பெரியப்பாவின் மனைவி, எங்கள் பெரியம்மை. இடுப்பில் எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டி. அந்த வருஷம் அவள் மகளுக்குத் தலைதீபாவளி. மாப்பிள்ளை நாகர்கோவிலில் இருந்து தாய், தகப்பன், தம்பியோடு வருகிறார். அவள் பின்னாலேயே பெரியப்பா, செருப்புகூட மாட்டாமல், "ஏட்டி, அங்கன போகாதே, கேஸு நிக்கி" என்று ஓடிவந்தார்.

பெரியம்மை சட்டியை நட்ட நடு வாசலில் வைத்தாள். "மருமவன் முன்னால நான் எதை வைக்கட்டும்? தட்டுல உம்ம தடை உத்தரவை வைக்கட்டுமா?"

கூட்டம் ஓ என்று கத்தியது. பெரியப்பா என்னோடு பேசி நான்கு வருஷம் இருக்கும். அன்றும் என்னிடம் பேசவில்லை. கதவிடம் பேசினார். "உள்ள இருக்குதவன்கிட்ட சொல்லுங்க. நான்தான கேஸ் போட்டவன்? நானே சொல்லுதேன். ஓட்டட்டும்."

உள்ளிருந்து நானும் கதவிடமே சொன்னேன்: "உத்தரவு போட்டது ஜட்ஜ் ஐயா. அவரு வந்து சொல்லட்டும்."

"சனி ஞாயிறு கோர்ட்டு கெடையாதுன்னு இந்தக் கதவுக்குத் தெரியாதா?"

பின்வாசல் வழியாக எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். வக்கீல் வீட்டில்தான் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் இருமினாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. "தடை உமக்குத்தான்வே. அவருக்கு இல்லையே! அவர் கையால ஓட்டணும்னா ஓட்டட்டும். நீரு மிஷின் பக்கமே போவாதேயும்."

திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்குப் புதுக் கவலை. அவரே ஓட்டினால், அறை தன் கைவசம்தான் இருக்கிறது என்று நாளைக்குக் கோர்ட்டில் சொல்லிவிடுவாரே? வக்கீல் சொன்னதை வீட்டுக்காரியிடம் சொன்னேன்; நான் யோசித்து முடிப்பதற்குள் அவள் அதை வாசலில் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்தது மாதிரி ஒரு கூத்தை நான் பார்த்ததில்லை. கஞ்சி போட்ட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெரியப்பா மிஷின் முன்னால் நின்றார். நான் நடுத்தெருவில் நின்று, மிஷின் பக்கம் போகவில்லை என்று எல்லோருக்கும் தெரியும்படி கைகளைக் கட்டிக்கொண்டேன். அங்கிருந்தபடியே வழி சொன்னேன்.

"கொஞ்சங்கொஞ்சமாப் போடச் சொல்லுங்க, ஒரேயடியாக் கொட்டுனா அடைச்சுக்கிடும்!"

"எனக்குத் தெரியும்னு சொல்லுங்க!"

"மாவு விழுத வாயில பையைக் கட்டாம ஓட்டுதாக, பையைக் கட்டச் சொல்லுங்க!"

அதை உள்ளே எடுத்துச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. பெரியம்மையின் முதல் படி மாவு மொத்தமும் பெரியப்பாவின் மேல் பறந்தது. திருநீறு எது, மாவு எது என்று தெரியவில்லை. தும்மிக்கொண்டே நின்றார். பெண்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் மனுஷன் விடவில்லை. இரண்டாவது சட்டியிலேயே கை பழகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் சாயங்காலம் வரை தெருவுக்கே அரைத்துக் கொடுத்தார். "அடுத்தது யாரு? தள்ளாதீங்க, வரிசையா வாங்க!" தாலுகா ஆபீஸ் குரல் திரும்ப வந்திருந்தது.

தீபாவளி கழிந்து வாய்தா வந்தது. எங்கள் வக்கீல் எழுந்து, சனிக்கிழமை முழுக்க வாதியே மில்லை ஓட்டினார் என்றார். தெருப் பெண்கள் ஆறேழு பேர் பஸ் ஏறி வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜட்ஜ் பெரியப்பாவை முன்னால் வரச் சொன்னார்.

"நீங்களா ஓட்டினீர்கள்?"

இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். பெரியப்பா பின்வரிசையைப் பார்த்தார். "ஆமாய்யா."

"சுவர் விரிந்ததா?"

அங்கேதான் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் ஓட்டி எப்படிய்யா விரியும்? பக்குவமா ஓட்டுனேன். ஒரு வீட்டு அதிரசம்கூட எண்ணெயில உதிரலன்னு கேட்டுப் பாருங்க!"

பின்வரிசை "ஆமாம்" என்றது. ஜட்ஜ் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு தடையை ரத்து செய்தார். கோடைக்கு முன்னாலேயே கேஸும் தள்ளுபடியானது. முடிந்துபோன விஷயத்துக்கே திரும்பத் திரும்பக் கேஸ் போட்டு எதிராளியை அலைக்கழிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

வெளியே வேப்பமரத்தடியில் வக்கீல் என் தோளைத் தட்டினார். "இனி நம்ம முறை. பொய்க் கேஸாப் போட்டு அலையவிட்டதுக்கு நஷ்டஈடு கேட்டு ஒரு கேஸ் போடுவோம். நல்ல பாயிண்டு இருக்கு." பெரியப்பா நாலடி தள்ளி நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரிக்கும் ஆசைதான். "நாம பட்டதுக்கு அவுகளும் கொஞ்சம் படட்டும்" என்றாள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மறுபடி அந்த பஸ், மறுபடி அந்த வாய்தா. மில்லைப் பூட்டிவிட்டு எத்தனை நாள் போவது?

மறுநாள் மில்லில் கூட்டம். பெரியப்பா படியேறி வந்தார். பளிச்சென்று வேட்டி. நான்கு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக நேராக என்னிடமே பேசினார்.

"நோட்டீசு எப்பம்லே வரும்?"

"என்ன நோட்டீசு?"

"நஷ்டஈட்டுக் கேஸு. நான் வக்கீல் பாத்துட்டேன். எல்லாக் கேஸுலயும் வாதியாவே நின்னுட்டேன், கேட்டியா. பிரதிவாதியா ஒருக்காகூட நின்னது கெடையாது. அதுல ஒரு தனி வேல இருக்கு." கண் மின்னியது.

எனக்கு அதுவரை இருந்த குழப்பம் அந்த நிமிஷமே தெளிந்துவிட்டது. "வராது பெரியப்பா. நான் போடல."

"ஏம்லே? பயமா?"

"ஆமா. பயம்தான். எனக்கு மில்லு ஓடுனாப் போதும்."

பாவம், முகம் அப்படியே விழுந்துவிட்டது. "யோசிச்சுப் பாருலே. நல்ல பாயிண்டுன்னு உன் வக்கீலே சொன்னான்லா" என்று படியிலேயே நின்றார்.

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி மாவுக் கையோடு எட்டிப் பார்த்தாள். "மாமா, அரைக்க ஏதும் கொண்டாந்திருக்கீயளா? இல்லன்னா செத்த வழிய விடுங்க, பின்னால ஆளு நிக்காவ."