மூன்று செயலிகளும் காணாமல் போன பேட்டர்னும்

பம்ப் கம்பெனியில் பேட்டர்ன் ஸ்டோர் என் பொறுப்பு. பேட்டர்ன் என்றால் பம்ப் பாகத்தின் மாதிரி வடிவம்; அதை வைத்துத்தான் வெளியே ஃபவுண்டரியில் மண்ணில் அச்செடுத்து இரும்பை வார்ப்பார்கள். அது தொலைந்தால் அந்த பம்ப் தயாரிப்பே நின்றுவிடும். நான் எட்டாவதோடு நின்றவன். எந்தப் பேட்டர்ன் எந்த ஃபவுண்டரிக்குப் போனது என்று நோட்டில் எழுதி வைப்பேன். ஸ்டோரைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆள்.

ஒரு நாள் முதலாளியின் மகள் கூப்பிட்டார்.

"நோட்டுல எழுதுனது போதுமுங்கண்ணா. கோடிங் தெரியாமயே ஆப் செய்யற தளம் மூணு இருக்குதுங்க. மூணுலயும் ஒரு வாரம் போட்டுப் பாத்துட்டு, எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

"நான் எட்டாவதுங்க அம்மணி."

"அதனாலதானுங்க உங்களக் கேக்கறேன்."

முதல் தளம் எக்செல் மாதிரிக் கட்டங்கள். பழக எளிது, ஆனால் நெட் வேண்டும். இரண்டாவது, அட்டவணையைக் கொடுத்தால் போனில் செயலியாக்கித் தரும். சிக்னல் இல்லாத இடத்திலும் பதிந்து வைத்துக்கொள்ளும். பார்க்கச் சுமார்தான். மூன்றாவது கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. என் மனசு அதில்தான் விழுந்தது.

மூன்றிலும் ஸ்டோருக்கு ஒவ்வொரு செயலி செய்து பதிந்து வந்தேன். ஐந்தாம் நாள், பம்ப்பின் வெளிக்கூடான கேசிங்கின் பேட்டர்ன் ஒன்று தேவைப்பட்டது. மூன்று செயலிகளும் 'மதுக்கரை ஃபவுண்டரி' என்றன. போன் செய்தேன்.

"அது இங்க இல்லீங்களே," என்றார் ஃபவுண்டரிக்காரர்.

புதிதாகச் செய்ய வாரக்கணக்கில் ஆகும்.

"நல்லாப் பாருங்க, உங்களுக்குத்தான் குடுத்தனுங்க!"

"பதறாதீங்க. எங்க ஃபர்னஸ் நின்னுபோச்சு. நீங்க அவசரம்னீங்களேன்னு போத்தனூர்ல சிநேகிதருகிட்டக் குடுத்துப்போட்டனுங்க. ஏனுங்க, உங்க கம்ப்யூட்டரு சொல்லலீங்களா?"

ஒருவரின் உலை நின்றால் இன்னொருவர் வார்த்துக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சீட்டெல்லாம் கிடையாது. அது தெரிந்திருந்தும் செயலிகளில் 'போனது', 'வந்தது' என்று இரண்டே கட்டம் வைத்தவன் நான்தான்.

மூன்றிலும் 'கைமாறியது' சேர்க்க உட்கார்ந்தேன். முதல் இரண்டிலும் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்தது. அழகான மூன்றாவதில் ஒரு பொத்தானை நகர்த்தியதும் வேறு இரண்டு திரைகள் வேலை செய்யவில்லை. எனக்குச் சரிசெய்யத் தெரியவில்லை. கைமாறினால் ஃபவுண்டரிக்காரர்களே பதிய வேண்டும், அவர்கள் ஷெட்டுக்குள் சிக்னல் எடுக்காது என்பதால் முதலாவதும் கழிந்தது. முதலாளியின் மகளிடம் இரண்டாவதையே சொன்னேன்.

"அழகா இருந்தத உட்டுட்டீங்களேங்கண்ணா?"

"தப்புப் பண்ணுனது நானுங்க அம்மணி. திருத்தறதும் என் கையில இருக்கோணுமுங்க."

தளங்களை ஒப்பிடுகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: நன்றாக ஓடும்போது எல்லாமே நல்ல தளம்தான். ஒன்று தப்பாகப் போகட்டும், அப்போது பாருங்கள்.

அடுத்த வாரம் மதுக்கரைக்காரர் தன் போனிலேயே 'கைமாறியது' என்று பதிந்தார். என் போனில் அது தெரிந்ததும் அவரைக் கூப்பிட்டேன்.

"ஆப்புலயே போட்டுட்டனுங்களே, அதப் பாத்துட்டுமா கூப்புடறீங்க?"

"ஆமாங்க. பத்தரமாப் போயிச் சேந்துதுங்களா?"