மூன்றாவது தட்டு

லீலாபாய் எந்தப் பொருளையும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பாள். சந்தையில் எவர்சில்வர் கிண்ணம் வாங்கினால் அதன் அடிப்பாகம், மகளுக்குச் செருப்பு வாங்கினால் அதன் அடி, கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர்கள் கொடுக்கும் கடிதத்துக்குக்கூடப் பின்பக்கம். பெருங்கடவிளைப் பக்கம் ஃபேன் ரெகுலேட்டர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் பதினான்கு வருடம் சர்க்யூட் போர்டு சோதித்ததில் வந்த பழக்கம் அது. முன்பக்கம் எல்லா போர்டும் அழகாகத்தான் இருக்கும். ஈயம் பற்றவைத்த லட்சணம் பின்பக்கத்தில்தான் தெரியும்.

அவள் மேசைமேல் நல்லதுக்கு ஒரு தட்டு, கெட்டதுக்கு ஒரு தட்டு. மேசைக்கு அடியில் இன்னொன்றும் உண்டு. ஈயம் கொஞ்சம் வழிந்தோ குறைந்தோ இருந்து, ஈயம் உருக்கும் சூட்டுக்கோலை ஒருமுறை வைத்தால் சரியாகிவிடும் போர்டுகள் அதில் விழும். மத்தியானத்துக்குள் பற்றவைத்தவளிடமே போய்த் திரும்பிவிடும். எந்த நோட்டிலும் ஏறாது. பெண்கள் அதைத் தாய்வீட்டுத் தட்டு என்பார்கள்.

போர்டின் ஓரத்தில் பற்றவைத்தவளின் நம்பர் மையில் இருக்கும். அந்தத் தட்டில் அதிகம் கிடப்பது ஏழாம் நம்பர், விஜயம்மா.

"எனக்க மக்க இன்னைக்கும் வந்தாச்சா அக்கா?" என்று தன் போர்டுகளைப் பார்த்துக் கேட்பாள்.

"வந்தாச்சு பிள்ளே. ஒண்ணுகூட கெட்டியவன் வீட்டில நிக்காது ஆக்கும்."

பக்கத்து வரிசைகளும் சிரிக்கும்.

தொண்ணூற்றேழில் கேமரா வந்தது. போர்டு வந்து நின்றதை ஒரு சென்சார் அறியும், விளக்கு மின்னும், கேமரா படமெடுக்கும். கம்ப்யூட்டருக்குப் பிடிக்காவிட்டால் ஓர் இரும்புக்கை போர்டைச் சிவப்புத் தொட்டியில் தள்ளிவிடும். அதைப் பொருத்த வந்த இன்ஜினியர் அனில், நெய்யாற்றின்கரைக்காரன், லீலாபாய் முன் நானூறு போர்டுகளை வைத்தான்.

"சேச்சி, நல்லதும் கெட்டதும் பிரிச்சுத் தரணும். சேச்சி பிரிக்கியதைப் பாத்துத்தான் இது படிக்கும்."

"ரெண்டுக்கும் இடையில உள்ளது?"

"மெஷினுக்கு ரெண்டு மதி, அது போதும். சம்சயம் உள்ளதைக் கெட்டதில போடுங்க."

மேனேஜர் காந்திமதிநாதன் பக்கத்தில் நின்றார். மூன்றாவது தட்டைப் பற்றிச் சொன்னால், பதினான்கு வருடம் நோட்டில் ஏறாமல் எத்தனை போயிற்று என்று கேட்பார். லீலாபாய் அந்தத் தட்டைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினாள். இரண்டு நாளில் நானூறையும் இரண்டாகப் பிரித்தாள். சந்தேகமானவை கெட்டதில் விழுந்தன. அவற்றில் பாதிக்கு மேல் ஏழாம் நம்பர்.

இயந்திரம் நன்றாகப் படித்தது. முதல் வாரமே சிவப்புத் தொட்டி ஏழாம் நம்பரால் நிறைந்தது. காந்திமதிநாதன் நாலைந்து போர்டுகளை எடுத்துவந்து அவள் மேசையில் வைத்தார்.

"நீங்க சொல்லுங்க லீலாபாய். மெஷின் சொல்லியது சரிதானா? நீங்க இல்லைன்னு சொன்னா விஜயம்மாவை நான் வேலையில இருந்து நிறுத்த மாட்டேன்."

அவள் போர்டைக் கவிழ்த்தாள். ஈயம் வழிந்திருந்தது. ஒருமுறை சூடு வைத்தால் போதும். அதைச் சொல்ல வேண்டுமென்றால் தட்டையும் சொல்ல வேண்டும்.

"சரியாக்கும் சார்," என்றாள்.

சொன்னது பொய்யா? பொய்யில்லை. உண்மையா? அதை அவள் யோசிக்கவில்லை. மணி அடித்தது, கைகழுவினாள், சோற்றுப்பாத்திரத்தைத் திறந்தாள். மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும். தின்று முடித்தாள். ருசி ஒன்றும் தெரியவில்லை.

சனிக்கிழமை விஜயம்மா தன் குடையையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, அந்தப் பெட்டி எனக்க கையை மட்டும் எப்பிடிப் பிடிச்சுது?"

"தெரியாது பிள்ளே."

"செரி, வாறேன்."

அதன்பிறகு லீலாபாய்க்குக் கேமராவின் கண்ணாடியைத் துடைக்கும் வேலை. காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை. பனச்சமூடு சந்தையில் ஒருநாள் விஜயம்மா கப்பைக்கிழங்கு விற்றுக்கொண்டிருப்பதைப் பஸ்ஸிலிருந்து பார்த்தாள். பஸ் நின்றது. இறங்கவில்லை. இறங்கினால் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி: பிரிச்சுக் குடுத்தது நானாக்கும்.

முன்பொரு மழைக்காலத்தில் லீலாபாய்க்குக் கண்வலி வந்து இமை ஒட்டிக்கிடந்தது. லீவு போட்டால் வேறு ஆளை வைத்துவிடுவார்கள். அப்போது தன் வேலையையும் முடித்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் சோறு தின்னாமல் வந்து, பதினொரு நாள் அவளுக்காக போர்டு பார்த்துக்கொடுத்தவள் விஜயம்மா. அந்தப் பதினொரு நாளுக்கு லீலாபாய் இன்றுவரை ஒன்றும் திருப்பிச் செய்யவில்லை.