மாளிகைமேட்டுச் செங்கல்

இரண்டு சாம்ராஜ்யங்கள் தங்கராசுவின் கையில் மண்வெட்டியைக் கொடுத்துத் தோண்டச் சொன்னன. மூன்றாவது சாம்ராஜ்யத்தை அவனாகத்தான் தோண்டினான்.

நாற்பத்தொன்றில் திருச்சியில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். அரை வயிற்றுக் கூலி வேலையை விட்டுக் கப்பலேறினான். மலேயாவில் கெடா என்ற சீமையில் வெள்ளைக்காரனுக்காகப் பதுங்குகுழி வெட்டினான். வெட்டிப்போட்ட மண் காய்வதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். விழுந்தடித்து ஓடி, சிங்கப்பூரில் பிடிபட்டு, மூன்றரை வருஷம் ஜப்பான்காரனுக்காகக் குழி வெட்டினான். இரண்டு எசமானும் கத்துவது ஒரே மாதிரிதான், பாஷைதான் வேறு என்பான்.

சண்டை முடிந்த மறுவருஷம் ஆவணியில் அரியலூர் ஸ்டேஷனில் இறங்கி, பாதி வண்டியும் பாதி நடையுமாக மாளிகைமேடு வந்து சேர்ந்தான். மனைவி செங்கமலம் உயிரோடிருந்தாள். அவனுக்கு அதுவே பெரிய சந்தோஷம். ஆனால் குடிசையின் மேற்குச் சுவரைக் காணோம். வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு அந்த மண்சுவர் கரைந்து விழும். கரையாத சுவர் வைத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் அவன் கப்பலேறியிருந்தான். மழைக்கு இன்னும் இரண்டே மாதம்.

ஊர்மேட்டைத் தோண்டினால் செங்கல் வரும். அந்தக் காலத்துச் சோழராசாவின் அரண்மனை புதைந்த மேடு அது. ஊரில் பல வீடுகள் அந்தக் கல்லில்தான் நின்றன. தங்கராசு தோண்டிக்கொண்டிருந்தபோது அந்த வழியாக வந்த பள்ளிக்கூட வாத்தியார் சிவசுப்பிரமணியன் பேச்சுக் கொடுத்தார்.

"கெடாவுலயா இருந்தே? இந்த ராசா கப்பல்ல போயி செயிச்ச கடாரம் அதுதான்டா!"

தங்கராசுவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அவரு செயிச்ச ஊர்லேர்ந்தா நான் ஓடியாந்தேன், சார்?"

அந்தக் கதையை வீட்டில் போய்ச் சொன்னதுதான் வினை. செங்கமலத்தின் முகம் இறுகிவிட்டது.

"சண்ட போட்டவன் அரமனைக் கல்லா இது? நாலு வருசம் ஒரு காயிதம் இல்லாம தாலியத் தடவிக்கிட்டே கெடந்தவ நான். இந்தக் கல்லு என் வூட்டுக்குள்ள வரக் கூடாது."

சண்டை என்றால் அவனுக்கும் வெறுப்புத்தான். தோண்டிக் கொண்டுவந்த கல் வாசலிலேயே குவிந்து கிடந்தது. புரட்டாசி பிறந்து வானம் கறுக்கத் தொடங்கியதும், கொடுத்த வாக்கு இந்த வருஷமும் பொய்யாகிவிடுமே என்று பயந்தான்.

அவன் இல்லாத வருஷங்களில் செங்கமலம் சூளையில் செங்கல் அறுத்துத்தான் வயிறு கழுவியிருந்தாள். ஒருநாள் காலையில் கோழியை விரட்டப் போனவள் கல்குவியலருகே அப்படியே குந்திவிட்டாள். ஒரு கல்லின் மேல் மூன்று விரலால் இழுத்த கோடு இருந்தது. கல் சுடாத பச்சை மண்ணாக இருக்கும்போதே அறுக்கிறவர்கள் இழுத்துவிடுகிற கோடு. அவளும் ஆயிரக்கணக்கில் இழுத்திருக்கிறாள். தன் விரல்களை அதில் வைத்துப் பார்த்தாள். அளவெடுத்ததுபோல் பொருந்தின.

"இங்க வாய்யா. இது ராசா கல்லு இல்ல. என்னாட்டம் ஒருத்தி அறுத்த கல்லு."

தங்கராசு குனிந்து பார்த்தான்.

"இவ புருசனையும் கப்பல்ல ஏத்தியிருப்பானுவ. திரும்புனானோ, இல்லியோ" என்றவளுக்குக் கண் கலங்கியது. பிறகு சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். "மண்ணக் கொழைச்சுக் குடு. செவுத்த நான் வைக்கிறேன்."

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் கொட்டியது. மேற்குச் சுவர் அசையவில்லை. கப்பலேறிய பிறகு, யாருக்கும் குழி வெட்டாமல் வீட்டில் கழித்த முதல் மழைக்காலம் தங்கராசுவுக்கு அதுதான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சூடாகக் களி தின்றான். விரல்கோடு போட்ட கல்லை மட்டும் செங்கமலம் பூசாமல், அடுப்புக்குப் பக்கத்தில் தெரியும்படி வைத்திருந்தாள். அதனடியில் ஓர் உருண்டை களி இருந்தது.

"அது யாருக்கு?" என்று கேட்டான்.

"அவளுக்குத்தான்" என்றாள். "புருசன் திரும்பி வந்த வூட்டுல அவளும் ஒரு வாய் திங்கட்டும்."